ரயில் இல்லாத காலத்து ரயில் கணக்கு

குட்டீஸ், இந்த மாதிரி ஒரு கணக்கை உங்கள் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஊர்களுக்கு இடையே 300 கி.மீ. தூரம். ஓர் ஊரிலிருந்து ஒரு ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அதே நேரத்தில் அடுத்த ஊரிலிருந்து இன்னொரு ரயில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் எதிரே வருகிறது. இரண்டும் எவ்வளவு நேரம் கழித்துச் சந்திக்கும்?

பரீட்சையில் இதைப் பார்த்ததும் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 60, 40 இரண்டையும் கூட்டுவதா, கழிப்பதா? அங்கேதான் குழப்பமே. சிலர் பாதுகாப்புக்கு இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, எந்த விடை அழகாக வருகிறதோ அதை எழுதி வைப்பார்கள்!

இந்தக் கணக்குக்கான விதியை 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்துவிட்டார் என்றால் நம்புவீர்களா? அப்போது ரயிலும் இல்லை, கடிகாரமும் இல்லை, கி.மீ. என்ற அளவும் இல்லை. அவர்தான் ஆரியபட்டர். அதே விதியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிலாவைத் துரத்தினார். கடைசியில், அந்தக் காலத்தில் யாரும் ஏற்கத் தயங்கிய ஒரு விஷயத்தையும் சொன்னார். அதற்காக ஏச்சும் வாங்கினார். அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஆரியபட்டர் தம்மைப் பற்றி இரண்டே இரண்டு செய்திகளைத்தான் எழுதி வைத்திருக்கிறார். ஒன்று, அவருடைய வயது. அதையும் நேராகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறார். கலியுகம் தொடங்கி அறுபது தடவை அறுபது ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு 23 வயது நிறைந்திருந்தது என்கிறார். அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600. கலியுகம் கி.மு. 3102-ல் தொடங்கியதாகப் பஞ்சாங்கக் கணக்கு. அதிலிருந்து 3,600 ஆண்டுகள் தள்ளி எண்ணினால் கி.பி. 499 வரும். அதில் 23-ஐக் கழித்தால் அவர் பிறந்த ஆண்டு கி.பி. 476. (நீங்கள் போட்டுப் பார்த்து 498 என்று வந்தால் பயப்படாதீர்கள். கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு இல்லை. அதனால் ஒன்று கூடும்.)

இரண்டாவது செய்தி, ஊர். குசுமபுரத்தில் போற்றப்படும் அறிவைத் தாம் சொல்வதாக எழுதுகிறார். குசுமம் என்றால் பூ. கங்கைக் கரையில் இருந்த பாடலிபுத்திரத்துக்குத்தான் இந்தப் பூநகரம் என்ற பெயர் என்று, பிற்காலத்தில் அவர் நூலுக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் விளக்குகிறார். இப்போது பீகார் மாநிலத் தலைநகர் பாட்னா இருக்கும் இடம்தான் அந்தப் பாடலிபுத்திரம். ஆரியபட்டர் பிறந்தபோது வட இந்தியாவில் குப்தப் பேரரசின் காலம்.

அவர் எழுதிய நூலின் பெயர் ஆரியபட்டீயம். பெரிய புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்தமே 121 சுலோகங்கள்தான். உங்கள் கணக்கு நோட்டில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்தில் மாணவர்கள் நூலை மனப்பாடம் செய்துதான் படித்தார்கள். அதனால் சுருக்கமாக எழுதுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஆரியபட்டரோ சுருக்கத்தில் மன்னர். மிகப் பெரிய எண்களைக்கூட எழுத்துகளாக மாற்றி, ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவார். அப்படி அவர் உண்டாக்கிய சில சொற்களை வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்! அந்தச் சின்ன நூலுக்குள்தான் வட்டத்தின் சுற்றளவுக் கணக்கும் இருக்கிறது. நூறோடு நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, 62,000 சேர்த்தால் 62,832 வரும். விட்டம் 20,000 உள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய இதுதான் என்கிறார். வகுத்துப் பாருங்கள், 3.1416 வரும். நீங்கள் படிக்கும் 'பை' மதிப்பேதான். ஏறக்குறைய என்ற சொல்லை அவர் மறக்காமல் போட்டிருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நூலின் இரண்டாம் பகுதி முழுக்கக் கணிதம். அதில் 33 சுலோகங்கள். முப்பத்தோராவது சுலோகத்தில்தான் நம்முடைய ரயில் கணக்கு இருக்கிறது. அதில் அவர் சொல்வது இதுதான். எதிரெதிராகச் செல்லும் இரண்டு பொருள்களுக்கு இடையில் உள்ள தூரத்தை, அவற்றின் வேகங்களைக் கூட்டி வந்த தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் செல்பவை என்றால், வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது அவை சந்தித்து முடிந்த நேரம், அல்லது இனிச் சந்திக்கப் போகும் நேரம். அவ்வளவுதான். ஒரு சுலோகம் முடிந்தது.

ஏன் கூட்ட வேண்டும், ஏன் கழிக்க வேண்டும்? விதியை உருப்போட்டால் மறந்துபோகும். காரணம் தெரிந்தால் மறக்காது. ஒரு தந்திரம் செய்யுங்கள். கணக்கில் வரும் ஒரு ரயிலுக்குள் நீங்களே ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்கள் நகரவில்லை, வெளியே உள்ள எல்லாம்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேக ரயிலில் நீங்கள் இருக்கிறீர்கள். எதிர் ரயில் எப்படித் தெரியும்? அதன் சொந்த வேகம் 40. உங்கள் ரயிலின் 60-ம் அதோடு சேர்ந்து, 100 கி.மீ. வேகத்தில் உங்களை நோக்கிப் பாய்ந்து வருவதாகத் தெரியும். அதனால்தான் எதிரே வரும் ரயில் நம்மை 'விர்'ரென்று கடந்து போகிறது. இடையில் 300 கி.மீ. இருக்கிறது. 100-ஆல் வகுத்தால் 3 மணி நேரம். விடை வந்துவிட்டது.

இப்போது திருடன் போலீஸ் கணக்கைப் பார்ப்போம். திருடன் நிமிடத்துக்கு 150 மீட்டர் ஓடுகிறான். போலீஸ்காரர் நிமிடத்துக்கு 200 மீட்டர் ஓடுகிறார். திருடன் 600 மீட்டர் முன்னால் இருக்கிறான். எப்போது பிடிபடுவான்? திருடனின் தோளில் ஒரு குருவி உட்கார்ந்து பின்னால் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணுக்குப் போலீஸ்காரர் 200 மீட்டர் வேகத்தில் வரவில்லை. நிமிடத்துக்கு 50 மீட்டர்தான் நெருங்குகிறார். 600-ஐ 50-ஆல் வகுத்தால் 12 நிமிடம். சரிபார்க்கலாமா? 12 நிமிடத்தில் போலீஸ்காரர் 2,400 மீட்டர் ஓடியிருப்பார். திருடன் 1,800 மீட்டர். வித்தியாசம் 600. அகப்பட்டான் திருடன்!

ஆரியபட்டர் சொன்னதில், பாடப் புத்தகங்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு பாதியும் இருக்கிறது. சந்தித்து முடிந்த நேரம் என்றாரே, அதுதான். ஒரு நேரான சாலையில் இரண்டு லாரிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்றின் வேகம் 60, மற்றதன் வேகம் 40. இப்போது நடுவில் 50 கி.மீ. இருக்கிறது. 50-ஐ 100-ஆல் வகுத்தால் அரை மணி. ஆக, அரை மணி நேரத்துக்கு முன்னால் அவை ஒன்றையொன்று கடந்திருக்கின்றன! நடந்து முடிந்ததையும், இனி நடக்கப் போவதையும் ஒரே வகுத்தல் சொல்லிவிடுகிறது.

லாரி இல்லாத காலத்தில் இதை வைத்துக்கொண்டு ஆரியபட்டர் என்ன செய்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? அவருடைய 'வண்டிகள்' எல்லாம் வானத்தில் இருந்தன. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகர்கின்றன. எது எதை எப்போது எட்டிப் பிடிக்கும் என்று தெரிந்தால்தான் அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல முடியும்.

ஆனால் வானத்தில் ஒரு சிக்கல். அங்கே நேரான சாலை கிடையாது. எல்லாம் வட்டப் பாதையில் சுற்றுகின்றன. ஒரு தடவை பிடித்ததோடு துரத்தல் முடியாது. மறுபடியும் முந்திப்போய், சுற்றி வந்து பிடிக்க வேண்டும். இது புரிய வேண்டுமானால் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். 12 மணிக்குப் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றாக நிற்கின்றன. அடுத்த 12 மணி வருவதற்குள் பெரிய முள் 12 சுற்றுச் சுற்றுகிறது. சின்ன முள் ஒரு சுற்று. அப்படியானால் பெரிய முள் சின்ன முள்ளை எத்தனை தடவை பிடிக்கும்? 12 தடவை என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். தப்பு! 12-ல் 1-ஐக் கழிக்க வேண்டும். 11 தடவைதான். சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய கடிகாரத்தைக் கையில் எடுத்துத் திருகி எண்ணிப் பாருங்கள். 12 மணி நேரத்தை, அதாவது 720 நிமிடத்தை, 11-ஆல் வகுத்தால் 65 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக வரும். அந்த இடைவெளியில்தான் முட்கள் ஒவ்வொரு தடவையும் ஒன்று சேர்கின்றன.

இதையேதான் ஆரியபட்டர் தம் நூலின் மூன்றாம் பகுதியில் கிரகங்களுக்குச் சொல்கிறார். இரண்டு கிரகங்கள் சுற்றிய சுற்றுகளின் வித்தியாசம்தான், அவை ஒன்று சேர்ந்த தடவைகளின் எண்ணிக்கை. அவர் எடுத்துக்கொண்ட காலம் ஒரு மகாயுகம். அதாவது 43,20,000 ஆண்டுகள். அந்தக் காலத்தில் சூரியன் 43,20,000 சுற்று வருகிறது. சந்திரன் 5,77,53,336 சுற்று வருகிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 5,34,33,336. அத்தனை தடவை சந்திரன் சூரியனைப் பிடிக்கிறது. ஒவ்வொரு தடவை பிடிப்பதும் ஓர் அமாவாசை!

எண் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்த்தால் எளிது. விண்மீன்களுக்கு நடுவே சந்திரன் ஒரு நாளில் சுமார் 13.18 டிகிரி நகர்கிறது. சூரியன் அதே திசையில் 0.99 டிகிரி, அதாவது ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக நகர்கிறது. சந்திரன்தான் போலீஸ்காரர், சூரியன்தான் திருடன். ஒரு நாளைக்கு 12.19 டிகிரி நெருங்குகிறது. ஒரு முழு வட்டம் 360 டிகிரி. 360-ஐ 12.19-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 29.53 நாள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக அவ்வளவு நாள்தான். ஆரியபட்டர் கொடுத்த பெரிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் 29.53058 நாள் வருகிறது. இன்றைய விஞ்ஞானிகள் அளந்து சொல்வதும் 29.5306 நாள்தான். தொலைநோக்கி கண்டுபிடிப்பதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால்!

வீட்டுக் காலண்டரில் பஞ்சமி, சஷ்டி, ஏகாதசி என்று திதி போட்டிருக்குமே, அதுவும் இந்தத் துரத்தல் கணக்குதான். அமாவாசைக்குப் பிறகு சந்திரன் சூரியனைவிட 12 டிகிரி முந்தினால் ஒரு திதி. 24 டிகிரி முந்தினால் இரண்டாவது திதி. 360-ல் எத்தனை 12 இருக்கிறது? முப்பது. அதனால்தான் மொத்தம் முப்பது திதிகள்.

இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை. இனிமேல்தான் வம்பு.

தினமும் சூரியனும் விண்மீன்களும் கிழக்கே தோன்றி மேற்கே மறைகின்றன. ஏன்? அந்தக் காலத்தில் பெரும்பாலான அறிஞர்களிடம் கேட்டிருந்தால், பூமி அசையாமல் நிற்கிறது, வானம்தான் நம்மைச் சுற்றுகிறது என்று சொல்லியிருப்பார்கள். கண்ணுக்கும் அப்படித்தானே தெரிகிறது? ஆரியபட்டர் இங்கேயும் அதே தந்திரத்தைப் போட்டுப் பார்த்தார். நகரும் பொருளுக்குள் உட்கார்ந்து வெளியே பார்க்கும் தந்திரம்.

அவருக்கு ரயில் இல்லை. படகு இருந்தது. படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்கும் மரங்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தெரியும். அதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கு நோக்கி ஓடுவதாக நமக்குத் தெரிகின்றன என்று நூலின் கடைசிப் பகுதியில் எழுதினார். அப்படியானால் நாம் உட்கார்ந்திருக்கும் படகு எது? பூமிதான். அது மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது!

எவ்வளவு வேகம் என்றும் சொன்னார். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குப் பிராணன் என்று பெயர். சுமார் 4 விநாடி. அந்த நேரத்தில் பூமி ஒரு கலை அளவு திரும்புகிறது என்றார். ஒரு டிகிரியில் 60 கலைகள். வட்டம் முழுவதும் 360 டிகிரி. பெருக்கினால் 21,600 கலைகள். ஒவ்வொன்றுக்கும் 4 விநாடி என்றால் 86,400 விநாடி. 24 மணி நேரத்துக்கு எத்தனை விநாடி என்று போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும்.

ஒரு மகாயுகத்தில் பூமி எத்தனை தடவை சுழலும் என்பதையும் கொடுத்தார். 1,58,22,37,500 தடவை. ஆனால் அத்தனை நாள் வராது. இங்கேயும் ஒரு துரத்தல் இருக்கிறது. பூமி ஒரு முழுச் சுற்றுச் சுழன்று முடிப்பதற்குள், சூரியன் அதே திசையில் சுமார் ஒரு டிகிரி நகர்ந்துவிட்டதாகத் தெரிகிறது. அதைப் பிடிக்கப் பூமி இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். அதற்குச் சுமார் 4 நிமிடம் ஆகிறது. ஆகவே, சுழற்சிகளிலிருந்து சூரியனின் சுற்றுகளைக் கழித்தால்தான் நாள்களின் எண்ணிக்கை வரும். 1,58,22,37,500-ல் 43,20,000 போனால் மீதி 1,57,79,17,500 நாள். இதை வைத்துப் பூமி ஒரு தடவை சுழல எவ்வளவு நேரம் என்று வகுத்தால் 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி வருகிறது. இன்றைய கருவிகளும் இதையேதான் சொல்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வருவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பூமி சூரியனைச் சுற்றி வருகிறது என்று ஆரியபட்டர் சொல்லவில்லை. பூமி நடுவில் இருந்தபடி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனும் கிரகங்களும் அதைச் சுற்றுகின்றன என்பதுதான் அவர் வைத்திருந்த அமைப்பு. கழித்தல் கணக்குக்கு அதனால் பழுதில்லை. எதில் உட்கார்ந்து பார்த்தாலும் வித்தியாசம் ஒன்றுதானே!

சரி, பூமி சுழல்கிறது என்று சொன்னதும் என்ன நடந்தது? ஆறாம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் என்ற பெரிய அறிஞர் மறுத்தார். பூமி சுழன்றால், கூட்டைவிட்டு மேலே பறந்த பருந்து திரும்பக் கூட்டுக்கு வர முடியாதே, அதற்குள் கூடு கிழக்கே ஓடிப்போயிருக்குமே என்று கேட்டார். கொடிகள் எல்லாம் எப்போதும் மேற்குப் பக்கமாகவே பறக்க வேண்டுமே என்றும் கேட்டார். கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் இன்னும் கடுமையாகத் தாக்கினார். பூமி சுழன்றால் உயரமான பொருள்கள் ஏன் விழாமல் இருக்கின்றன என்பது அவருடைய கேள்வி. கிரகணத்துக்குக் காரணம் ராகு அல்ல, பூமியின் நிழலும் சந்திரனும்தான் என்று ஆரியபட்டர் எழுதியதற்கும் அவரிடமிருந்து வசவு கிடைத்தது. இவர்களைச் சாதாரண ஆட்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பூஜ்ஜியத்தை வைத்துக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதியவரே பிரம்மகுப்தர்தான். பருந்துக் கேள்வியும் நல்ல கேள்விதான். நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

எதிர்த்தவர்களைவிட வேடிக்கையான வேலை செய்தவர்கள் ஆரியபட்டரின் பக்கத்தில் இருந்தவர்கள்தான். அவர் நூலை மதித்துப் படித்தவர்களுக்கே பூமி சுழல்கிறது என்பது சங்கடமாக இருந்தது. குருவைத் தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மூச்சு நேரத்தில் பூமி ஒரு கலை திரும்புகிறது என்று அவர் எழுதிய வரியில், பூமி என்று பொருள்படும் 'பூ' என்ற சின்னச் சொல்லை எடுத்துவிட்டு, விண்மீன் கூட்டம் என்று பொருள்படும் 'பம்' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள் சிலர். ஒரே ஓர் அசைதான் மாறியது. பூமி நின்றது, வானம் சுற்றத் தொடங்கிவிட்டது! இன்னும் சிலர் படகு உவமையை, கண் ஏமாறுவதற்கு ஓர் உதாரணம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார்கள்.

அவர்களுக்கும் ஒரு பிடி கிடைத்தது என்னவோ உண்மை. படகு சுலோகத்துக்கு அடுத்த சுலோகத்திலேயே, ஒரு காற்று விண்மீன் கூட்டத்தை மேற்கே தள்ளிச் சுழற்றுவதாக வருகிறது. அது ஆரியபட்டரின் சொந்தக் கருத்தா, மற்றவர்களின் கருத்தை எடுத்துச் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், 1,58,22,37,500 என்ற எண்ணைப் பூமியின் பெயருக்கு நேராக எழுதியவருக்குத் தாம் என்ன சொல்கிறோம் என்று நன்றாகவே தெரிந்திருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரின் நூலுக்கு உரை எழுதிய பிருதூதகசுவாமி, தம் ஆசிரியரை விட்டுவிட்டு ஆரியபட்டரின் பக்கம் சேர்ந்துகொண்டார் என்பதும் சுவையான செய்தி.

பருந்துக் கேள்விக்கு விடை என்ன? அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சீரான வேகத்தில் ஓடும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரப்பர் பந்தை நேராக மேலே தூக்கிப் போடுங்கள். ரயில் முன்னே போய்விட்டதே, பந்து பின்னால் இருப்பவர் மடியில் போய் விழுமா? விழாது. உங்கள் கைக்கே வரும். ஏனென்றால் கையை விட்டுக் கிளம்பும்போதே பந்துக்கும் ரயிலின் வேகம் இருக்கிறது. பருந்துக்கும் அப்படித்தான். கூடும் மரமும் பருந்தும் சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்தே போகின்றன. சேர்ந்து போகிறவற்றுக்குள் வித்தியாசம் பூஜ்ஜியம். கழித்தால் எதுவும் மிஞ்சாது!

ஐரோப்பாவிலும் பின்னாளில் இதே மாதிரிக் கேள்விகள் எழுந்தன. 1632-ல் இத்தாலியின் கலிலியோ, மூடிய கப்பல் அறைக்குள் பறக்கும் பட்டாம்பூச்சிகளை உதாரணம் காட்டி இதை விளக்கினார். ஆரியபட்டருக்குப் படகு, கலிலியோவுக்குக் கப்பல். பூமி சுழல்வதை எல்லோரும் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டியவர் பூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர். 1851-ல் பாரிஸ் நகரில் ஓர் உயரமான கட்டடத்தின் கூரையிலிருந்து 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். நேரம் ஆக ஆக, குண்டு ஆடும் திசை மெல்லத் திரும்புவதாகத் தெரிந்தது. உண்மையில் அடியில் இருந்த தரைதான் திரும்பிக்கொண்டிருந்தது. ஆரியபட்டர் எழுதி அப்போது 1,352 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய நூலை அழியாமல் காத்ததில் கேரளத்து அறிஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பரமேசுவரர், நீலகண்ட சோமயாஜி போன்றவர்கள் அதற்கு உரை எழுதினார்கள். பரமேசுவரரின் உரையோடு 1874-ல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் ஆரியபட்டீயம் அச்சானது. நம் தமிழ்நாட்டிலும் அவருடைய தடம் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கம் என்று ஒன்று ஆண்டுதோறும் வெளியாகிறதே, அது ஆரியபட்டர் வழியில் வந்த கணக்கு. அதில் ஓர் ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. மேலே பார்த்த 1,57,79,17,500 நாளை 43,20,000-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே விடை வரும். விண்மீன்களை வைத்து இன்று அளக்கும் ஆண்டைவிட இது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான் பிசகு.

1975 ஏப்ரல் 19 அன்று இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் அப்போதைய சோவியத் யூனியனிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. பெங்களூரில் செய்த, 360 கிலோ எடையுள்ள அந்தச் செயற்கைக்கோளுக்கு ஆரியபட்டா என்று பெயர் வைத்தார்கள். தாத்தா பாட்டியிடம் பழைய 2 ரூபாய் நோட்டு இருந்தால் வாங்கிப் பின்பக்கம் பாருங்கள். அதில் இருக்கும் படம் அதுதான்.

இப்போது உங்கள் முறை குட்டீஸ். சரியாக 3 மணிக்குப் பெரிய முள் 12-லும், சின்ன முள் 3-லும் நிற்கின்றன. நடுவில் 90 டிகிரி. பெரிய முள் நிமிடத்துக்கு 6 டிகிரி நகரும். சின்ன முள் அரை டிகிரி நகரும். இரண்டும் எத்தனை நிமிடத்தில் ஒன்று சேரும்? பதினைந்து நிமிடம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். சின்ன முள்ளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போடுங்கள்.

(விடை: 16 நிமிடம், அதோடு ஒரு நிமிடத்தில் 11-ல் 4 பங்கு.)